எட்டு கேன் ஏசித் தண்ணீர்

அந்தப் பெண்ணை முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. அவளுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் பக்கம் வேலை. ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். எங்கள் இரண்டாவது மாடியில் எதிர் ரூமுக்கு இன்னும் இரண்டு பெண்களோடு குடிவந்தாள். வந்த மூன்றாம் நாளே வராந்தாவில் நின்று என் மிளகாய்ச் செடிகளைப் பார்த்து, "இன்னாக்கா, ஊறுகா போட்டு வச்சிக்கிறியா?" என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

"உன் வேலயப் பாத்துக்கினு போம்மா," என்றேன். எனக்கு நாக்கு எப்போதும் அரை அடி முன்னால் போகும்.

உண்மையில் கோபம் அவள்மேல் இல்லை. என் கணவர் மஸ்கட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. போவதற்கு முன், பொன்னேரி சந்தையில் வாங்கிய வற்றல் மிளகாயின் விதையை ஈரத்துணியில் முளைக்கவைத்து, ஆறு பெயிண்ட் டப்பாக்களில் ஓட்டை போட்டு மண் நிரப்பி நட்டு, ஆறையும் என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார். வாய் திறந்து ஒன்று கேட்கிற மனுஷன் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மட்டும் "சாப்ட்டியா?" முடிந்ததும் "செடியக் காட்டு" என்பார். அந்த அஞ்சு நிமிஷத்தை நினைத்துத்தான் வாரத்தைத் தள்ளுவதாக ஒருமுறை சொல்லித் தொலைத்துவிட்டார். அதற்குப் பிறகு செடி வாடுகிறது என்று எந்த வாயால் சொல்வது? ஓரமாக இருந்த ஒரு பச்சைக் கிளையை மட்டும் கிட்டத்தில் காட்டிவிட்டு, "நெட்வொர்க் சரியில்ல" என்று கட் பண்ணுவேன். இப்படியே அஞ்சு ஞாயிறு ஏமாற்றிவிட்டேன்.

இத்தனைக்கும் அவர் சொன்னபடிதான் செய்தேன். ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றச் சொல்லியிருந்தார். ஊற்றினேன். இலை நுனி கருகியது, பூ பூவாகக் கொட்டியது. பசி போல என்று டிஏபி உரம் ஒரு கைப்பிடி போட்டேன். இன்னும் கருகியது. இன்னொரு கைப்பிடி போட்டேன். மண்மேல் வெள்ளையாகப் படிந்ததைக்கூட உரம் கரையாமல் நிற்கிறது என்றுதான் நினைத்தேன்.

நாலு நாள் கழித்து, பக்கெட்டும் கையுமாக நிற்கும்போது அவள் மறுபடி வந்தாள். நான் திட்டத் தயாராவதற்குள் சட்டைப் பையிலிருந்து, தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து என் பக்கெட்டில் விட்டாள். பிறகு என் குடிதண்ணீர்க் குடத்தில் விட்டாள். பக்கெட்டில் வந்த எண் குடத்தில் வந்ததைப்போலப் பல மடங்கு.

"குடிக்கிற தண்ணில இருந்து எடுத்த உப்பெல்லாம் எங்க போவும்க்கா? இதுலதான் வரும். எங்க பாய்லர்லயும் இதே கததான். தண்ணி ஆவியா பூடும், உப்பு உள்ளயே நின்னுக்கும். அப்பப்ப வால்வத் தொறந்து வெளிய உடலன்னா பாய்லரே காலி. உன் டப்பாவுக்கு வால்வத் தொறக்கவே இல்லியே நீ. யாரு இத ஊத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான்," என்றேன். அவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மண்ணிலிருந்து உப்பு இறங்க நல்ல தண்ணீர் நிறைய வேண்டுமாம், ஒரு டப்பாவுக்கு இரண்டு கேன். எங்கே போவது? போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பஞ்சாயத்துத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், அதை ஆர்ஓவில் விட்டு எடுத்தால் குடிக்கவே இழுபறி. "விட்டுத் தொலை, விதி" என்றேன். அவள் மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு படியேறி வந்தாள். தோளில் இருபது லிட்டர் கேன். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் உள்ள ஏடிஎம்மில் ஏசி நாள் முழுக்க ஓடுகிறதல்லவா, அதன் குழாயிலிருந்து சொட்டுவதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். காற்றிலிருந்து இறங்கிய தண்ணீர், உப்பே இல்லை. காலையில் போகும்போது கேனை வைத்துவிட்டுப் போனாளாம். "இத்த குடிக்கப் போறியாம்மா?" என்று செக்யூரிட்டி கேட்டதை நடித்துக் காட்டி அவளே சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அவள் வேலை செய்கிற அழகைப் பார்க்கவேண்டுமே! முதலில் ஒவ்வொரு செடியின் தண்டையும் நகத்தால் லேசாகச் சுரண்டினாள். நாலில் உள்ளே பச்சை. இரண்டில் பழுப்பு. "இது ரெண்டும் பூட்ச்சிக்கா," என்றாள். "ஆறும் வேணும்டி!" என்று கத்தினேன். "இருக்கற தண்ணிக்கு நாலுதான்," என்றாள், குரலை உயர்த்தாமல். டப்பாவைச் செங்கல்மேல் ஏற்றி, கீழே தட்டு வைத்து, ஒவ்வொரு மக்காக ஊற்றினாள். அவசரமாக ஊற்றினால் தண்ணீர் ஓரமாக ஓடிவிடும், உப்பு நடுவிலேயே உட்கார்ந்துகொள்ளும் என்றாள். அடியில் டீ நிறத்தில் வழிந்தது. அதில் மீட்டரை விடுவாள், தட்டைக் கொட்டுவாள், மறுபடி ஊற்றுவாள். எட்டு மணிநேரம் நின்று உழைத்துவிட்டு வந்த கால், ஷூவைக்கூடக் கழற்றாமல் குந்தியிருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு கேன், எட்டு நாள், எட்டு கேன். அவளுக்கு நான் யார்? ஒரு வாய் டீகூட அதுவரை கொடுத்ததில்லை.

கழுவி முடித்ததும் நான் உர டப்பாவை எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். "உப்போட சத்தும் பூட்ச்சி, நெசந்தான். ஆனா இப்பவே குடுத்தா வேரு தாங்காது. துளிர் வரட்டும்க்கா." பன்னிரண்டாம் நாள் ஒரு கணுவில் பச்சையாக மூக்கு நீட்டியது. அப்போதுதான் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நீர்மோர் போல ஆகும்வரை தண்ணீர் விட்டு, வாரம் ஒரு டம்ளர் ஊற்ற விட்டாள். அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்றினாலும் முறைப்பாள். நானும் அடங்கிப்போனேன். என் மாமியாருக்கே அடங்காதவள் நான்.

நாலு செடியிலும் பிஞ்சு வந்த ஞாயிற்றுக்கிழமை போனைத் தைரியமாகப் பிடித்தேன். அவர் முகம் திரை முழுக்க வந்துவிட்டது. "அடேயப்பா! உன் கை ராசியே ராசி!" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவரிடம் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், வாயே திறக்கவில்லை. அப்படியே விழுங்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு செடி செத்தது, வாரக்கணக்கில் பொய் சொன்னது, எட்டு கேன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "அந்தத் தண்ணிய ஊத்தச் சொன்னதே நான்தான?"

"ஆமாய்யா, நீதான்."

"அந்தப் பொண்ணாண்ட போனக் குடு."

கொடுத்தேன். "ரெண்டு மாடி தோள்ல தூக்கிக்கினு ஏறுனியாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா."

"சும்மா சொல்லாதம்மா. இங்க கட்டடத்துல நாலு மாடிக்கு டெய்லி நான்தான் கேன் ஏத்தறேன். அது இன்னா வெயிட்டுன்னு எனக்குத் தெரியும். நீ பெரிய ஆளும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். மஸ்கட்டில் ஸ்டோர் ரூமில் ஏசியில் உட்கார்ந்து சாவி பார்த்துக்கொள்கிற வேலை என்றுதான் இத்தனை மாதமாக அவர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும், கேமராவை வேறு பக்கம் திருப்பிவிட்டார். நான் போனை வாங்கினேன்.

"சட்டையக் கழட்டி, தோளக் காட்டு," என்றேன்.