இறால் ஒவ்வாமை

எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, தொட்டால் கை தடிக்கும் என்று இருபது வருடத்துக்கு மேலாக வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். மனைவியே அதை நம்பினாள். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் எனக்கு முந்தி அவளே சொல்லிவிடுவாள்.

போன ஜூனில் மகளின் வகுப்பில் பள்ளி ஆண்டு முடிவு விருந்து. கடலுணவு சாலட் வைத்த சான்ட்விச் நாற்பது கொண்டுவருவதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவிருந்த தோழிக்குக் காய்ச்சல். மனைவி முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றாள். மிஞ்சியது நான்தான்.

மேசையில் தலையோடு அவித்த இறால் மூன்று கிலோ, நண்டு என்ற பெயரில் விற்கிற சிவப்புச் சாயக் குச்சிகள், ஒரு வாளி மயோனைஸ். மகள் எனக்கென்று கையுறை வாங்கி வைத்திருந்தாள். போட்டால் இறால் வழுக்கியது. நினையாமலே கழற்றி எறிந்துவிட்டு உரிக்கத் தொடங்கினேன்.

தலையைத் திருகத் திருக மண்ணிறக் கூழ் விரலிடுக்கில் வழிந்தது. வயிற்று முட்டைகள் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டன. உரித்ததையெல்லாம் அவள் மயோனைஸில் போட்டுக் குழைத்தாள். குளிர்ந்த சீழைக் கிண்டுகிற மாதிரி இருந்தது. அவளோ விரலை நக்கிப் பார்த்து, உப்புக் காணாது என்றாள்.

பிறகு என் கையைப் பார்த்தாள்.

"அப்பா, உங்கட கை தடிக்கவே இல்லை."

கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் பொய் சொன்னனீங்கள்?"

சொன்னேன். நோர்வேக்கு வந்த புதிதில் ஹம்மர்பெஸ்டில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தனான் என்று அவளுக்குத் தெரியும். என்ன வேலை என்று தெரியாது. கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் கொட் மீன் துண்டை விரித்தால், சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழுக்கள் தெரியும். இடுக்கியால் அவற்றைப் பிடுங்குவதுதான் வேலை. காலை முதல் பின்னேரம் வரை புழு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், அங்கே தந்த இறால் சாலட் வைத்த பாண் துண்டைப் பாதி கடித்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். மயோனைஸில் அரைப் புழு ஒன்று நெளிந்தது. என் சட்டைக் கையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். மற்றப் பாதி என் வாயில்.

"துப்பினீங்களோ?"

"இல்லை. எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தவை. விழுங்கிப்போட்டன்."

சொல்லி முடிக்கும்போதே குமட்டியது. கழுவும் தொட்டிக்கு ஓடி, குடித்த தேநீர் முழுவதையும் வாந்தியெடுத்தேன். மகள் முதுகைத் தடவிவிட்டாள். பிறகு யன்னல்களைத் திறந்து, என்னைப் பல்கனியில் இருக்கச் சொன்னாள். மிச்சத்தைத் தனியாகவே செய்து முடித்தாள்.

அடுத்த நாள் வெறும் பெட்டியோடு வந்தாள். எல்லாம் முடிந்துவிட்டதாம், ஆசிரியர் இரண்டு எடுத்தாராம். அவள் ஒன்றையும் தொடவில்லையாம். என்னிடம் அதற்குக் காரணம் சொல்லவுமில்லை.

பெட்டியைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். மணம் போகவில்லை. கீழே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன்.