ஒரு காலுக்கு எட்டிய கடல்

என் தங்கையின் கணவர் முப்பத்தோரு வருடம் கடலோரச் சாலையில் பேருந்து ஓட்டினார். தினமும் நான்கு முறை கடலைப் பார்த்தார். ஒருநாளும் இறங்கிக் கால் நனைத்ததில்லை. ஓய்வு பெற்ற மறுவருடமே பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. இடது காலில் கிள்ளினாலும் தெரியாது.

இந்தக் கோடையில் அவர் மகன் அவரையும் என்னையும் காரில் அதே சாலையில் அழைத்துப்போனான். தேநீருக்கு நிறுத்திய இடத்தில் சக்கர நாற்காலியில் இறக்கி உட்காரவைத்ததும் அவர், "தண்ணி வரைக்கும் போகணும்," என்றார்.

"சக்கரம் புதைஞ்சிடும்பா. இங்கேருந்தே பாருங்க."

"இங்கேருந்து பாத்துப் பாத்துத்தான்டா வயசாச்சு."

மகன் சக்கர நாற்காலியைத் தள்ளினான். இரண்டடியில் முன்சக்கரங்கள் மணலில் சிக்கின. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்தது இது: மணலில் தள்ளக் கூடாது, பின்பக்கமாக இழுக்க வேண்டும். நானும் அவனும் இழுத்தோம்.

"ரிவர்ஸ்லயே போறீங்களேக்கா, பின்னாடி யாரு பாக்குறது?"

"இன்னிக்கு வண்டி என்னோடது. பேசாம உக்காருங்க, தம்பி."

காரும் சாலையும் வெயிலில் நெளிந்து, மிதப்பதுபோல் அவரைவிட்டு விலகின. கடல் முதுகுக்குப் பின்னால் வெறும் சத்தமாக நெருங்கியது. ஈரமணலில் அவரைத் திருப்பி உட்காரவைத்தோம். அலை வந்து இரண்டு பாதங்களையும் மூடியது. வலது கால் விரல்கள் மட்டும் சுருங்கின.

"ஒரு காலுக்குத்தான் தெரியுது," என்றார். "இன்னொண்ணுக்கு நான் சொல்லிக்கறேன்."

தூக்கத்தில் சிரிப்பவர்போல் சிரித்தார். நான் குனிந்து இடது பாதத்தைத் தூக்கி, அடியில் கிளிஞ்சல் ஏதும் குத்துகிறதா என்று பார்த்தேன். இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று சொன்னேன்.