மிளகுக் கிடங்கில் தொங்கிய ஜெர்மன் சொல்

எண்பதுகளின் தொடக்கத்தில் கொச்சியின் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். சுக்கு வாங்க ஜெர்மனியிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். போருக்கு முந்தைய பழைய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, எனக்கு ஜெர்மன் தெரியும் என்று நானே கிளப்பிவிட்ட வதந்தி அவர் காதுக்கும் போயிருந்தது.

"வாசல்ல ஒரு பேனர் கட்டணும். வர்ற வெள்ளைக்கார சாயிப்பு பார்த்ததும் சிரிக்கணும். ஆர்டர் போச்சுன்னா உன் வேலையும் கூடவே போகும், கேட்டியா?"

ஜெர்மனில் சொற்களை ஒட்டவைத்தால் புதுச் சொல் தயார். 'தனி', 'கவனிப்பு' இரண்டையும் ஒட்டி 'ஸோண்டர்பெஹாண்ட்லுங்' என்று ஒன்று செய்தேன். 'உங்களுக்கு எங்கள் தனிக் கவனிப்பு' என்று ஜெர்மனில் துணியில் எழுதி, சாமந்தி மாலையும் சுற்றிக் கட்டினேன்.

ஜெர்மன்காரர் வரும் காலையில், யூதத் தெருவிலிருந்து ஏலக்காய் வாங்க வரும் யூதப் பெரியவர் பேனருக்குக் கீழே நின்றுவிட்டார். அவருடைய அளியன், அதாவது தங்கை கணவர், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்.

"எடோ, இது யாரு எழுதினது?"

"நான்தான் சேட்டா."

"ஹிட்லரோட ஆபீஸ் காகிதத்துல இந்த வார்த்தையத்தான் எழுதுவாங்களாம். கொல்லுன்னு எழுதமாட்டாங்க. பேருக்கு நேரா இதை எழுதினா ஆள் திரும்பி வராது. எங்க அளியனோட வீட்டாளுங்க அப்படிப் போனவங்கதான்." சற்று நிறுத்தி, "நீ அறியாம செய்தது. வேகமா அவிழ்த்துடு" என்றார்.

நம் போலீஸ் ஸ்டேஷனில் 'கொஞ்சம் கவனிச்சு அனுப்புங்க' என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஓர் அரசாங்கம் அதை முத்திரை குத்தி நடத்தியிருக்கிறது. நான் அதற்கு மாலை போட்டிருக்கிறேன்.

ஏணியைப் பக்கத்துக் கிடங்குக்காரர் வாங்கிப் போயிருந்தார். முக்காலியில் ஏறி முடிச்சைப் பிடிப்பதற்குள் கார் வந்து நின்றது. எழுத்தை மறைக்கக் கைகளை விரித்தேன். எழுத்து என்னைவிட நீளம். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்த ஒரே ஜெர்மன் சொல், உருளைக்கிழங்குக்கானது. அதையே உரக்கச் சொல்லி அவரை வரவேற்றேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். பேனரை வாசித்தார். சிரிக்கவில்லை. பெரியவரைப் பார்த்தார், பிறகு என்னை.

"அகராதி பார்த்து எழுதினீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பழைய அகராதி, சார்."

"சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால், அம்மா இந்தச் சொல்லைச் சொல்லித்தான் பாலில் தேன் விட்டுத் தருவாள். போருக்குப் பிறகு பாலை மட்டும் கொடுத்தாள். சொல் அவள் வாயில் வரவில்லை."

சொல்லிவிட்டு மறு முனைக்குப் போய் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முதலாளி பதறி ஓடிவந்தார்.

"எடோ, வந்த விருந்தாளிய வேலை வாங்குறியா?"

"இருக்கட்டும், அவரே அவிழ்க்கட்டும்" என்றார் பெரியவர்.

துணி தரையில் விழுந்ததும் அதைச் சுருட்டி எடுத்தேன். பெரியவருக்கும் விருந்தாளிக்கும் எனக்கும் சாயா வந்தது. மதியத்துக்குள் சுக்கு ஆர்டர் முடிவாயிற்று.

"அதுல என்ன எழுதியிருந்தே? அவரே கழட்டிட்டாரே" என்றார் முதலாளி.

"நல்வரவு, முதலாளி. எழுத்து கொஞ்சம் கோணலாம்" என்றேன்.