அட்டனுக்குப் புறப்பட்ட ஒரு கரிப்பூண்டுக் கொத்து

இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் அட்டன் நகரில் பதினொரு மளிகைக் கடைக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டை நேரடியாகத் தருவிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். என் பாட்டனார் திண்டுக்கல் பக்கமிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்தவர். ஆண்டு உறுதியாகத் தெரியாததால் எழுதவில்லை. பிப்ரவரி 16, ஞாயிறன்று கூடும் சங்கத்தில் மாதிரியைக் காட்டாவிட்டால், கொழும்பில் கிடைக்கும் சீனப்பூண்டே முடிவாகிவிடும்.

10ஆம் தேதி கொடைக்கானல் நாயுடுபுரத்தில் சந்தித்த தரகர் சிரித்தார். “சிலோனுக்கு எதுக்குங்க மலைப்பூண்டு? வெளுப்பா வேற பூண்டு தாரேன், மலைப்பூண்டுன்னே பேர் போட்டு அனுப்பிருவோம்.” தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள், செவ்வாய், காலை 6.40க்கு ஜீப். மலைப்பூண்டு விளையும் பூம்பாறைக் கிராமத்துக்குச் சென்று திரும்ப 1,400 ரூபாய். ஓட்டுநர் செல்வம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தவர். “எங்கப்பா பொறந்தது தலவாக்கலை தோட்டம்ங்க ஐயா. நீங்க ஊருக்கு வாறீங்க, நாங்க ஊரவிட்டு வந்து கெடக்கோம்,” என்றார்.

அவர் அழைத்துச் சென்ற வீட்டில், அடுப்புக்கு மேலே தண்டும் தாளுமாகக் கட்டிய பூண்டுக் கொத்துகள் புகையில் தொங்கின. ஐந்து கிலோ கேட்டேன். தாளை நறுக்கி, கரியைத் துடைத்துத் தரும்படியும் சொன்னேன். அது என் பிழை. விவசாயி பாண்டியம்மாள் இடுப்பில் கைவைத்தார்.

“தொடச்சா புகை போயிரும், அப்பறம் அது மலைப்பூண்டு இல்லீங்க. கட்டி எட்டு நாளுதான் ஆச்சு. முப்பது நாளு ஆகாம எறக்க மாட்டேன்.”

“பதினாறாம் தேதி கூட்டம், அம்மா.”

“தேதிய என்கிட்ட ஏன் சொல்றீக? அந்தா தொங்குதுல்ல, அதுகிட்ட சொல்லுங்க.”

செல்வம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. உத்தரத்தில் சுண்ணாம்பால் ‘3’ என்று எழுதியிருந்தது: பிப்ரவரி 3. நாள் கணக்கில் என்னைவிடக் கறாரானவரிடம் வாதாட இயலாது.

நாங்கள் படியிறங்கும்போது அவரே கூப்பிட்டு, கரியேறிய பழைய கொத்து ஒன்றை நீட்டினார். “போன வெள்ளாமைல வெதைக்கு வச்சது. வெதைப்பூண்ட விக்க மாட்டோம். ஒரு கொத்து சும்மா கொண்டு போங்க. கரியத் தொடச்சீகன்னு தெரிஞ்சா அடுத்த தடவ வாசல்ல நிக்க விடமாட்டேன்.”

செல்வோர் கவனிக்க: மாசியில் காலைப்பனி கடுமை, கம்பளி அவசியம். பூண்டை வேறு நாட்டுக்குக் கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வெளுப்பான பூண்டை ‘மலைப்பூண்டு’ என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

ஞாயிறன்று சீனப்பூண்டுக்குப் பக்கத்தில் இந்தக் கரிக்கொத்தை மேசை விரிப்பின்மீதே வைப்பேன். விரிப்பு அழுக்காகட்டும். பதினொரு பேரும் மறுத்தாலும், மார்ச் 5, புதன்கிழமை, முப்பதாம் நாள், நான் பூம்பாறையில் அந்த அடுப்பின் எதிரே நிற்பேன்.