மாமனாரின் விரல்

துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையோரம் வரிசையாக நிற்கும். அந்த வரிசைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிய நிழலில் உட்கார்ந்து ஓட்டுநர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது எங்கள் வேலை. நான் லேப் படிப்பு படித்தவள் இல்லை. பயிற்சி கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். விரலில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டைச் சின்ன அட்டையின் குழியில் விட்டு, மேலே கரைசல் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு தெரிந்தால் கிருமி இல்லை. இரண்டு தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். கோடே வராவிட்டால் சோதனை செல்லாது. திரும்பவும் குத்த வேண்டும். நாங்கள் கற்றுக்கொண்டபடிதான் செய்கிறோமா என்று பார்க்க ஒரு மேடம் அவ்வப்போது சொல்லாமல் வந்து பக்கத்தில் நிற்பார்.

வழக்கமாக எனக்குக் காசிமேட்டுப் பக்கம்தான் வேலை. அன்று எண்ணூர் சாலையில் உட்காரும் பெண் விடுப்பு எடுத்திருந்ததால் என்னை மாற்றி அனுப்பினார்கள். போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மேடமும் வந்து சேர்ந்தார்.

மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் என் மாமனார்.

அவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். மாமியார் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. தண்டையார்பேட்டையில் ஒரு ஹாலும் ஒரு அறையுமாக இருக்கிற வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். என்னோடு நேராகப் பேச மாட்டார். "உங்கம்மாவ கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லு" என்று என் மகளிடம் சொல்லுவார். அப்படி ஒரு மரியாதை. என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நான் காசிமேட்டில் இருப்பேன் என்பதும் தெரியும். அதனால்தான் எண்ணூருக்கு வந்திருக்கிறார்.

தொப்பியும் முகக்கவசமும் போட்டிருந்ததால் முதலில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் "வணக்கம்" என்றதும் குரலில் கண்டுபிடித்துவிட்டார். எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் மேடம் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீங்கய்யா. இவங்க எப்படி டெஸ்ட் பண்றாங்கன்னு பார்க்க வந்திருக்கேன். நான் பக்கத்துல நிக்கலாமா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சொந்தக்காரர் வந்தால் வேறு ஆளை விடவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வேறு ஆள் இல்லை. இவர் என் மாமனார் என்று சொன்னால், அவர் எதற்காக இத்தனை தூரம் வந்தாரோ அதை நானே உடைத்தவளாவேன். படிவத்தை எடுத்தேன்.

"பேர் சொல்லுங்க" என்றேன். வேறு யாருடைய பெயரையோ சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அடுத்து கேள்விகள். அவற்றைக் கேட்காமல் குத்த முடியாது. மேடம் கையைக் கட்டிக்கொண்டு கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியாக எப்போது உறவு வைத்துக்கொண்டீர்கள், ஆணுறை போட்டீர்களா என்று என் கணவரைப் பெற்றவரிடம் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா கேளுங்க, அவருக்குக் கேக்கல" என்றார் மேடம்.

சத்தமாகக் கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போன மாசம். வெளியூர்ல. போடல, மா." கொஞ்சம் நிறுத்தி, "ஒரே ஒரு வாட்டிதான்" என்றார். அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மேடமிடமும் சொல்லவில்லை. மருமகளிடம் சொன்னார்.

அவருடைய விரலைப் பிடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கையை நான் தொட்டதே இல்லை. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல். என் கை நடுங்கியதில் ரத்தம் போதாமல், கரைசலும் குழிக்கு வெளியே சிந்தியது. நேரம் முடிந்தும் அட்டை வெள்ளையாகவே இருந்தது. ஒரு கோடும் இல்லை.

"இன்னா ஆச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

"இது செல்லாதுங்க. இன்னொரு தரம் குத்தணும்."

"குத்து, மா" என்று அடுத்த விரலை நீட்டினார்.

இரண்டாவது அட்டையில் ஒரு கோடு வந்தது. கிருமி இல்லை, ஆனால் போன மாதம் நடந்தது இப்போதே தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள் என்று சொன்னேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிகளுக்கு நடுவில் போய் மறைந்தார்.

"நல்லாத்தானே பண்ணுவீங்க? இன்னைக்கு ஏன் கை நடுங்குது?" என்று கேட்டார் மேடம்.

"காலையில சாப்பிடல மேடம்" என்றேன்.

அதற்குப் பிறகு மாமா வீட்டுக்கு வருவதே குறைந்தது. வண்டியிலேயே படுத்துக்கொண்டார். வந்தாலும் கடையில் சாப்பிட்டாகிவிட்டது என்று என் மகளிடம் சொல்லி அனுப்புவார். "நைனா ஏன் இப்டிகீது? நீ எதுனா சொன்னியா?" என்று என் கணவர் கேட்டார். இல்லை என்றேன். மாமாவை அவருடைய வீட்டிலிருந்தே நான் துரத்திவிட்டது போலிருந்தது. அவர் செய்ததை நினைத்து எனக்குக் கோபம் வரவில்லை. அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் கூசியது. அவர் சட்டையைக் கொடியில் காயப்போடும்போதுகூட, பார்க்கக்கூடாததைப் பார்த்தவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மூன்று மாதம் ஆனபோது, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் அவராகவே வந்தார். பக்கத்தில் யாருமில்லை.

"அந்த டெஸ்ட்ட நீயே பாத்துடு, மா. இன்னொரு ஆளாண்ட அதெல்லாம் திருப்பிச் சொல்ல என்னால ஆவாது."

"நான் பாக்கக்கூடாது மாமா. அன்னைக்கே பாத்திருக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் கூட வரேன்."

வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு, "எப்ப?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பார்க்கிற அறை வராந்தாவின் கடைசியில் இருக்கிறது. கதவுக்குமேல் அதை எழுதிய போர்டு பெரிதாக இருக்கும். மாமா ரத்தம் கொடுத்த பிறகு இருவரும் வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அப்போது என்னோடு பயிற்சி எடுத்த பெண் ஒருத்தி சோதனை அட்டைகள் வாங்க வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். பக்கத்திலிருந்த பெரியவரைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இங்க? யாருக்கு?"

மாமா குனிந்து செருப்பைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"எனக்குத்தான்" என்றேன். "மாமா துணைக்கு வந்தாரு."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "ஐயோ, வேலையில ஊசி எதுனா குத்திக்கினியாக்கா?" என்றாள். ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஏனோ சொல்லத் தோன்றவில்லை. என் கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. வெட்கப்பட ஒன்றுமில்லை, சர்க்கரை பார்ப்பது மாதிரிதான் என்று வருகிற எல்லோரிடமும் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவ்வளவு பேரும் எப்படித்தான் என் எதிரில் உட்கார்ந்தார்களோ.

அவள் அட்டைகளை வாங்கிக்கொண்டு போன பிறகு மாமாவை உள்ளே கூப்பிட்டார்கள். வந்து, "ஒண்ணும் இல்லியாம்" என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. முன் சீட்டில் அவர், பின்னால் நான். பாதி வழியில் திரும்பாமலே கேட்டார். "இன்னாத்துக்கு அப்டிச் சொன்ன? அந்தப் பொண்ணு வெளிய சொல்லிச்சுனா?"

"சொல்லட்டும் மாமா."

அவர் தோள்கள் குலுங்கின. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட்டார்.

அடுத்த பயிற்சி வகுப்பில் நான் மேடமைத் தனியாகப் பார்த்து, தெரிந்தவர்கள் வந்தால் காரணம் சொல்லாமல் எழுந்து போக வழி இருக்கவேண்டும், ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேரைப் போடுங்கள் என்று கேட்டேன். அவர் காரணம் கேட்காமல், "போடறேன்" என்றார். பின்னால் போட்டும்விட்டார்.

மேடமிடம் பேசிவிட்டு வந்து வகுப்பில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தப் பெண் வந்தாள். வழக்கமாக என் பக்கத்தில்தான் உட்காருவாள். அன்று ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன்.