தைத்து மூடிய கதைகள்

என் மனைவியை எங்கள் தெருவில் எல்லோரும் 'கொலைகார அக்கா' என்றுதான் சொல்வார்கள். அவள் கொன்றதாகச் சொல்ல ஒரு கொசுகூடக் கிடையாது. பல்லி கத்தினால் துள்ளுவாள். குக்கர் விசிலடிக்கும் நேரத்தில் அடுப்படியில் நிற்க மாட்டாள். யாராவது கதவைத் தட்டினால் என்னை முன்னால் தள்ளிவிட்டு, என் சட்டையை முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டு, "யாரு?" என்று கேட்பாள். இப்படிப்பட்டவள் நடத்துவது வாடகை நூலகம். அலமாரியில் பாதி கொலை நாவல், மீதி ராணுவக் கதை.

அதே கடையின் இன்னொரு பாதியில் நான் மின்விசிறி, அயன் பாக்ஸ் ரிப்பேர் செய்கிறேன். அதனால் அவள் மேஜையில் பேசுவதெல்லாம் கேட்க வேண்டாமென்றாலும் என் காதில் விழும். வருகிறவரிடம், "என்ன மாதிரி புத்தகம் வேணும்?" என்று கேட்கவே மாட்டாள். "சாப்பிட்டீங்களா? தூக்கம் வருதா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று டாக்டர் மாதிரி விசாரிப்பாள். பிறகுதான் கை அலமாரிக்குப் போகும்.

"இது வேணாம் சார். இந்தத் துப்பறியறவன் வாங்காத அடியில்ல, குடிக்காத குடியில்ல. கடைசியில கொலைகாரனைப் பிடிச்சுட்டு, தன்னந்தனியா ஒரு இருட்டு ரூமுக்குத்தான் போவான். உங்களுக்கே இப்ப மனசு சரியில்ல. இதை எடுத்துக்குங்க. இதுல வர்றவனுக்கு அடி வாங்கினாலும் வாய் அடங்காது, சிரிச்சுட்டே படிக்கலாம்."

இவ்வளவு விவரம் எப்படி என்று கேட்டால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. எந்தப் புத்தகத்தையும் அவள் முதல் பக்கத்திலிருந்து படித்ததில்லை. கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். யார் பிழைத்தான், யார் போய்ச் சேர்ந்தான் என்று உறுதியான பிறகுதான் முன்பக்கத்துக்கு வருவாள். "சாகப் போறது யாருன்னு தெரியாம எப்படிங்க படிக்கறது? நெஞ்சு நின்னுடாதா?" என்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் எந்தக் கதை யாருக்கு எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்ததும் அந்தப் பயத்தால்தான். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

நாலு வீடு தள்ளி டெய்லர் அக்கா இருந்தாள். அவள் கணவர் பஸ் டிரைவர். ஒரே பையன் பட்டாளத்தில். பையனை எல்லையில் சண்டை நடக்கும் இடத்துக்கு மாற்றியதிலிருந்து அக்கா ராணுவக் கதைகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. டிரைவர் அண்ணனுக்குக் கொலை நாவல். ஒருநாள் அவர் மட்டும் வந்தார். நன்றாகச் சூடாகிற அயன் பாக்ஸை என்னிடம் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, மெல்ல என் மனைவி பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒரு உதவி. அவளுக்குப் பையன் உயிரோட திரும்பி வர்ற கதையா மட்டும் குடுங்க."

"உங்களுக்கும் அப்படியே பார்த்துத் தரட்டுமாண்ணே?"

"எனக்குக் கொலைக் கதையே போதும். அதுல செத்தவனுக்காக யாரும் வாசல்ல காத்துட்டு இருக்க மாட்டாங்க."

நாவல் என்றால் வேலை சுலபம், கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் போதும். சிறுகதைத் தொகுப்பில்தான் சிக்கல். ஒரு கதையில் வருவான், அடுத்த கதையில் வரமாட்டான். பக்கத்தைக் கிழிக்க அவளுக்கு மனசு வராது. அதனால் ஊசி நூலை எடுத்தாள். பையன் செத்துப்போகிற கதைகளை மட்டும் சேர்த்து ஓரத்தில் தைத்துவிட்டாள். கேட்டால், "பூச்சி அரிச்சிருக்குக்கா, கிழியாம இருக்கத் தைச்சேன்" என்பாள். அந்தக் கோணல் தையலைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"டெய்லருக்குப் போய்த் தைச்சுத் தரியா? கொல்லன் தெருவுல ஊசி விக்கற கதையா இருக்கு."

"உங்க வேலையைப் பாருங்க" என்றாள். புத்தகம் திரும்பி வந்தால் தைத்த பக்கங்களை அவள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். அந்தக் கதைகள் மேல் அவளுக்கு அவ்வளவு பயம்.

அப்புறம் பையனிடமிருந்து போன் வருவது நின்றது. செய்தியில் தினமும் துப்பாக்கிச் சத்தம். டெய்லர் அக்கா ஒரு காலையில் வந்து எதையும் பார்க்காமல், "ஏதாவது குடு" என்று கையை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்த பதற்றத்தில் என் மனைவி மேஜைமேல் இருந்த புதுத் தொகுப்பை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். பேயறைந்த முகம்.

"ஏங்க, அதை நான் இன்னும் தைக்கல."

"எதை?"

"காலைல குடுத்த புத்தகத்தை. கடைசிப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன். அதுல அந்த அம்மா கதவைத் திறக்கறா. வாசல்ல யூனிஃபார்ம் போட்ட ரெண்டு பேர் நிக்கறாங்க. அதோட கதை முடியுது." துடைக்கிற துணி கையிலிருந்து விழுந்தது. "ஊர் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. நான் அவங்களைக் கொன்னுட்டேங்க."

கதவென்றால் என்னை முன்னால் தள்ளுகிறவள் அன்றைக்கு எனக்கு முன்னால் ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த வீட்டில் எந்நேரமும் தையல் மிஷின் சத்தம் கேட்கும். வாசலில் நின்றோம், சத்தமே இல்லை.

உள்ளே அக்கா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் புத்தகம், கடைசிப் பக்கம்.

"அக்கா, படிக்காதீங்க!"

"படிச்சாச்சு. கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு" என்றாள் அக்கா. மிஷின் டிராயரைத் திறந்து போன வாரம் வாங்கிய தொகுப்பை எடுத்து நீட்டினாள். "இது உன் தையலா, பாரு."

நான் எட்டிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடித் தையல், ஒரே கோட்டில். என் மனைவி திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றாள்.

"நீ தைச்சதைப் பிரிக்க ஒரு நிமிஷம் ஆகாது. பிரிச்சு, படிச்சு, திரும்பத் தைச்சுக் குடுத்தேன். எல்லாத்தையும்."

"ஏன்க்கா?"

"நீ விட்டு வெச்ச கதையில எல்லாம் பையன் வந்துடறான். ஒருத்தன் பாக்கியில்லாம வந்துடறான். படிக்கப் படிக்க எனக்குப் பயம் ஜாஸ்தியாச்சு, எதையோ மறைக்கறாங்கன்னு. மூடினதைப் பிரிச்சுப் படிச்சேன். அதுல பக்கத்துல இருக்கறவன் தண்ணி குடுக்கறான், கையைப் பிடிச்சுக்கறான். என் பையன் பக்கத்துலயும் ஒருத்தன் இருப்பான்ல?" அக்கா ஊசியில் நூல் கோத்தாள். "அவர்கிட்ட சொல்லிடாத. எனக்கு எதுவும் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்கார். தாங்க மாட்டார்."

அவர் வருவதற்குள் கடைசிக் கதையை மூடிவிட வேண்டுமென்று அக்கா பக்கங்களைச் சேர்த்துப் பிடித்தாள். ஊசி பாதி ஏறியிருக்கும். கதவு தட்டும் சத்தம் கேட்டது.

யாரும் அசையவில்லை. என் மனைவி என் சட்டையைப் பிடித்தாள். நான்தான் போய்த் திறந்தேன். வாசலில் யூனிஃபார்ம் போட்ட ரெண்டு பேர்.

மூச்சு திரும்பிய பிறகுதான் முகம் தெரிந்தது. ஒருவர் டிரைவர் அண்ணன். அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்திருந்தவர் கண்டக்டர். அண்ணனின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. உள்ளே அக்கா எழுந்து நின்றாள், உட்காரவும் முடியாமல், வரவும் முடியாமல்.

"பேசினான்" என்றார் அண்ணன்.

கண்டக்டர்தான் மீதியைச் சொன்னார். "பஸ் ஓட்டும்போது போன் வந்துச்சு. ஓரங்கட்டிப் பேசினாரு. வெச்சதும் அழுதவரு நிறுத்தவே இல்ல. வேற ஆளைப் பஸ்ஸுக்குப் போட்டுட்டுக் கூட்டிட்டு வந்தேன்."

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் அக்கா.

"நல்லா இருக்கேன்னான். இன்னும் முன்னால போறாங்களாம். இனிமே எப்ப பேசுவேன்னு தெரியாதுன்னான்."

அக்கா தலையை ஆட்டினாள். அப்போதுதான் கையில் ஊசியோடு புத்தகம் இருப்பது நினைவுக்கு வந்து, முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"எதுக்கு மறைக்கற?" என்றார் அண்ணன். "முப்பது வருஷமா நீ தைச்ச சட்டைதான் போட்டுட்டு இருக்கேன். உன் தையல் எனக்குத் தெரியாதா? முதல் புத்தகத்துலயே பார்த்துட்டேன். அந்தப் பக்கத்தைப் பிரிக்கத்தான் எனக்குத் தைரியம் வரல."

கண்டக்டர் சொல்லிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் தரையில் சுவரோரம் உட்கார்ந்தார். "படி. நானும் கேக்கறேன்" என்றார்.

அக்கா கடைசிக் கதையின் நூலை உருவிப் போட்டாள். ஆனால் அதைப் படிக்கவில்லை. அதற்கு முந்தின கதையைத் திருப்பினாள். என் மனைவி பார்க்காத கதை அது. பழக்க தோஷத்தில், முடிவைப் பார்க்கக் கையை நீட்டினாள். அக்கா புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"பேசாம உக்காந்து கேளு."

கொலைகார அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையன் வருவானா மாட்டானா என்று தெரியாமல், என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கேட்டாள்.