மதில் தாண்டும் பாஸ்வேர்ட்

வீட்டு இன்டர்நெட் விற்கப் புறப்படுகிறவன் ஒன்றை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும்: கல்முனைப் பக்கத்தில் மதிலை எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் பாஸ்வேர்ட் அதைத் தாண்டிவிடும்.

எனக்கு அது தெரியவர ஒரு மாதம் பிடித்தது. அதற்கு முன் இருபது வருடத்துக்கு மேல் ஒரு நாளிதழுக்குப் பிரதேச நிருபராக இருந்தேன். வெள்ளம், வீதி விபத்து, பாடசாலை விளையாட்டுப் போட்டி, புதிய பாலத்துக்கு அடிக்கல், அதே பாலத்துக்கு மறுபடியும் அடிக்கல் என்று எழுதிக்கொண்டிருந்தேன். பத்திரிகை மெலிந்தது. எங்கள் பக்கம் முதலில் அரைப் பக்கமானது, பிறகு காணாமல் போனது. எல்லோரும் ஃபோனில் படிக்கிறார்கள் என்றார்கள். சரி, அந்த ஃபோனுக்கு வேண்டியதையே விற்போம் என்று பிரதான வீதியில் ஓர் இணைப்பு முகவர் நிலையத்தில் சேர்ந்தேன். என்னைவிட இருபது வயது குறைந்த மனேஜர் நிபந்தனையைச் சொன்னார்: மூன்று மாதத்தில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டாவது வீடு வந்தால் வேலை நிரந்தரம். பதினொன்றோடு நின்றால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்.

எனக்குப் பயம் வரவில்லை. எங்கள் ஊர்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவான். என் மாமிக்கு நாலு பெண்கள், ஒரே வளவுக்குள் நாலு வீடு, நாலு மருமக்கள். அதில் நான் இரண்டாவது. ஒரு வீட்டிலும் இன்டர்நெட் இல்லை. எல்லோரும் ஃபோனுக்கு டேட்டா போட்டு, மாதக் கடைசியில் உங்களைப் போலவே, திரையில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் எட்டு வீடு பிடித்தால் மிச்சம் நாலும் வளவுக்குள்ளேயே இருக்கிறது. அவசரத்துக்கு எடுத்துவைத்த அந்த நாலையும் ஆரம்பத்திலேயே செலவழிக்க மனம் வரவில்லை. என் மனைவி நிஹாரா கேட்கும்போதெல்லாம் "கடைசி மாசத்துல போடுவம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினேன்.

கடப்படியில் ஒரு சோதனை

மருதமுனையில் ஒரு வீடு. கணவர் கட்டார் நாட்டில் வேலை. சிம் போடுகிற ரவுட்டரை விற்பதற்கு முன் வீட்டுக்குள் எந்த இடத்தில் சிக்னல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஆண்கள் இல்லாத வீடு என்பதால் நான் உள்ளே போகவில்லை. சோதனை ரவுட்டரைக் கதவடியில் வைத்துவிட்டுத் வெளிவாசல் கடப்படிக்குத் திரும்பி வந்து நின்றுகொண்டேன். அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கணவர் வீடியோ கோலில் இருந்தபடி வேலையை நடத்தினார்.

"அலுமாரிக்கு மேல வைங்க" என்றது கட்டார். "எத்தினை பச்சை லைட்?" என்றேன் கடப்படியில் இருந்து. "ஒண்டு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஜன்னலடிக்குக் கொண்டு போங்க." "இப்ப எத்தினை?" "இருந்த ஒண்டும் போயிட்டு." இப்படி வரவேற்பறை, படுக்கையறை, கிணற்றடி எல்லாம் போய், கடைசியில் குசினிக்குள் அரிசி வாளியின் மூடிக்கு மேல் நாலு லைட்டும் எரிந்தன. கட்டாரில் இருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று தெளிவாகக் கேட்டது. நான் படிவத்தை எடுத்து விலாசம் எழுதத் தொடங்கினேன்.

அந்தப் பெண்ணின் ஃபோனில் இருந்தது வேறொரு கம்பனியின் சிம் என்பது எனக்கு உறைத்தபோது, என்னை அண்ணன் முறை வைத்துக் கதவுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"ஒரு மணித்தியாலமா இவரு ஃபோனுக்குள்ள இருந்துக்கிட்டு வீடு முழுக்கச் சுத்தினாரு, ஒரு இடத்துலயும் விக்கி நிக்கல்ல. அப்ப ஃபோன்ல போடுற டேட்டாவே போதும்தானே, காக்கா?"

ராவு முறை

மலிவான பெக்கேஜ் தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். துண்டுப்பிரசுரத்தில் பெரிய எழுத்தில் ஓர் அளவு போட்டிருக்கும். அதில் பாதி, இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு விடியும் வரைதான் பாவிக்கலாம் என்பது அடியில் எறும்பு ஊர்ந்தது போல் இருக்கும். இதைச் சொல்லாமல் விற்கலாம். நான் சொல்லிவிடுவேன். மனேஜருக்கு என்மேல் இருந்த முதல் கோபம் அதுதான்.

நற்பிட்டிமுனையில் ஹனீபா காக்கா என்ற விவசாயி, இருப்பதில் குறைந்த பெக்கேஜைக் கேட்டார். அவருக்கு நாவிதன்வெளியில் வயல். அதனால் அவருக்கு விளங்குகிற மாதிரியே சொன்னேன்: "வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணி விடுறது மாதிரித்தான், காக்கா. பகல் முறையில் கொஞ்சம் வரும், ராவு முறையில் நிறைய வரும்." நல்ல உவமை என்று எனக்கே பட்டது. பழைய தொழிலின் பழக்கம். ஹனீபா காக்கா துண்டுப்பிரசுரத்தை வாங்கி, பெரிய எழுத்தில் இருந்த அளவு சரிபாதியாகும்படி மடித்து என் கையில் திருப்பித் தந்தார்.

"வயலுக்கு ராவு முறை வந்தா அங்க முழிச்சிரிக்கிறன். வீட்டுக்கும் ராவு முறை வந்தா நான் எப்ப படுக்கிற? நோன்பு மாசத்துல வாங்க, சஹர் சாப்பாட்டுக்கு எப்பிடியும் எழும்பத்தானே வேணும்."

அரை அரைப் பாஸ்வேர்ட்

மருதமுனையும் பாண்டிருப்பும் தொடுகிற இடத்தில், ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் தையல்காரர் றஸ்மி, அந்தப் பக்கம் யோகம் டீச்சர். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே பெக்கேஜைப் பற்றித் தனித்தனியாக விசாரித்தார்கள். கொப்பியில் இரண்டு என்று எழுதிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் றஸ்மி மட்டும் படிவம் நிரப்பினார். டீச்சருக்கு இன்னும் யோசனை போல என்று நினைத்துக்கொண்டேன்.

பொருத்திய மறுநாள் எல்லாம் சரியா என்று பார்க்கப் போனால், ரவுட்டர் மதிலுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். வயர் றஸ்மி வீட்டில் இருந்து, கரண்ட் டீச்சர் வீட்டில் இருந்து, மாதக் கட்டணம் ஆளுக்குப் பாதி. வேகம் பார்க்கப் பாஸ்வேர்டைக் கேட்டேன். றஸ்மி ஐந்து எழுத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். "மிச்சத்த டீச்சர்ட்டக் கேளுங்க, அவட பாதி எனக்குத் தெரியா." டீச்சர் வந்தார். என் ஃபோனை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் பாதியை அழுத்தித் தந்தார். றஸ்மி வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் டீச்சர் மதிலடிக்கு வர வேண்டும். டீச்சரின் அண்ணன் வந்தாலும் றஸ்மி தையலை நிறுத்திவிட்டு வர வேண்டும். இது என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு முழுசாத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி, சேர்" என்றார் யோகம் டீச்சர். "பாதி தெரிஞ்சவர் அத ஆருக்குக் குடுக்கிற?"

கேக் செய்கிறவரின் கேள்வி

கல்முனையில் ஃபர்ஸானா என்பவர் வீட்டில் கேக் செய்து விற்கிறார். படம் அனுப்புவதற்கும் ஓடர் எடுப்பதற்கும் இன்டர்நெட் வேண்டும், ஆனால் மாவும் பட்டரும் விற்கிற விலையில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது. நான் போனபோது வரவேற்பறையில் கணவரும் வளர்ந்த இரண்டு மகன்மாரும் ஆளுக்கொரு ஃபோனோடு இருந்தார்கள். மூவரும் நிமிரவில்லை. குசினி மேசையில் மூன்று கம்பனிகளின் துண்டுப்பிரசுரங்கள் மாவு டின்னுக்கு அடியில் விரிந்திருந்தன. டேட்டா முடிந்தால் ஒரேயடியாக நிற்குமா, ஊர்ந்துகொண்டாவது வருமா? மூன்று மாதம் போனால் விலை ஏறுமா? வேண்டாம் என்றால் எப்போது விடலாம், விட்டால் ரவுட்டரைத் திருப்பிக் கேட்பீர்களா? இருபது வருடம் ஊடகச் சந்திப்புகளுக்குப் போயும் நான் ஓர் அரசியல்வாதியிடம் இப்படிக் கேட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பேனாவை நீட்டினேன். வாங்கப் போனவர் கையை நிறுத்தி, "உங்கட வீட்டுல எந்தப் பெக்கேஜ் போட்டிரிக்கீங்க?" என்று கேட்டார். இன்னும் போடவில்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்ற பயத்தில் உண்மையே வந்துவிட்டது.

"நான் செய்யிற கேக்க நான் திண்டு பாத்துட்டுத்தான் விக்கிறன், காக்கா. நீங்களும் வீட்டுல போட்டுப் பாத்துட்டு வாங்க."

நாலு வீடு ஒன்றான கதை

மூன்றாம் மாதத்தின் கடைசி வாரத்துக்கு முந்தின வாரம் என் கொப்பியில் பத்து வீடு இருந்தது. இரண்டுதான் பாக்கி, கைவசம் நாலு. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு மாமியின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது நாலு படிவத்தையும் பாயில் விரித்தேன். மூத்த சகலன் பாடசாலை அதிபர். படிவங்களை விடைத்தாள் பார்ப்பது போலப் பார்த்தார். "நாலு வீட்டுக்கும் இடையில முப்பது அடி இல்ல. ஒண்டு போதும். என்ட வீட்டுல வெச்சா ஒழுங்கா நடக்கும்" என்றார். "ஓம், ஒம்பது மணிக்கு பெல் அடிச்சி நிப்பாட்டிருவாரு" என்றார் கடைசிச் சகலன். "உன்ட வீட்டுல வெச்சா கிரிக்கட் மெச் முடியும் வரைக்கும் மத்த ஆக்களுக்கு ஒண்டும் ஓடாது" என்றார் அதிபர். மூன்றாவது சகலன் தன் வீட்டைச் சொன்னார், அவருடைய மனைவியே வேண்டாம் என்றார். ஒன்று போட்டால் பதினொன்று, என் வேலை போய்விடும் என்று நான் சொன்னதை, சாப்பாட்டுச் சத்தத்தில் நிஹாரா மட்டும்தான் கேட்டாள்.

மாமி, மற்ற மூன்று வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பழைய வீட்டில், கடைசி மகளோடு இருக்கிறார். எல்லோருக்கும் இரண்டாம் தரம் சோறு வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என் பக்கம் திரும்பினார்.

"பெட்டி என்ட அறைக்குள்ள, சுவிட்ச் என்ட கைக்குள்ள. சம்மதமெண்டா ஒரு ஃபோர்மக் கொண்டாங்க, மகன்."

லைன் போன மூன்று நாள்

சனிக்கிழமை பொருத்தினார்கள். அன்று பின்னேரம் நான் அலுவலகத்தில் இருக்கும்போது நிஹாரா அழைத்தாள். லைன் போய்விட்டது. அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டது. பொழுதுபட்டு மஃரிபுக்கு மறுபடி போய் வந்தது, இரவு இஷாவுக்கு இன்னொரு தரம் போனது. அதிபர் கல்வி அலுவலகத்தோடு ஃபோனில் நடத்திய கூட்டம் பாதியில் அறுந்தது. கடைசிச் சகலனுக்குக் கடைசி ஓவர் போனது. நான் விற்ற இணைப்பைப் பற்றி நானே மனேஜரிடம் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அவர் கணினியில் பார்த்துவிட்டு, "லைன் நல்லா இரிக்கு, சேர். ஒரு நாளைக்கு அஞ்சு தரம் உங்கட வீட்டுலதான் ஆரோ கரண்ட நிப்பாட்டுறாங்க" என்றார். ஐந்து என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. தொழுகைக்குப் பாங்கு சொன்னால் மாமி சுவிட்சை நிறுத்துகிறார். தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பி வரும் வரை அது நின்றபடியே இருக்கும்.

மூன்றாம் நாள் மஃரிபுக்கு நாங்கள் நாலு மருமக்களும் பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்றோம். வீட்டில் இருந்து என்ன செய்வது? தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நின்றவர், வீட்டில் ஏதும் விசேஷமா என்று கேட்டார். திரும்பி வந்தபோது மாமி வாசலில் நின்றிருந்தார். எங்களை ஒவ்வொருவராக எண்ணி உள்ளே விட்டுவிட்டுச் சுவிட்சைப் போடப் போனார்.

"பதினஞ்சு வருஷமாச் சொல்றன், ஒருத்தரும் கேக்கல்ல. இந்தப் பெட்டி மூணு நாள்ல கேக்க வெச்சிட்டு."

பன்னிரண்டாவது வீடு

மாதம் முடிய இரண்டு நாள். கொப்பியில் பதினொன்று. மனேஜர் என்னைப் பார்த்தால் கைகுலுக்குவதற்குக் கையைத் துடைத்துக்கொள்வது போல எனக்குத் தோன்றியது. வேறு போக்கில்லாமல் ஃபர்ஸானாவின் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறையில் மூன்று பேரும் போன மாதம் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஃபர்ஸானா கேக்குக்கு மேல் பூ வைத்துக்கொண்டே, "போட்டுப் பாத்தீங்களா? எப்பிடி வேல செய்யுது?" என்றார்.

வேகம் நல்லது, விலையும் கட்டுப்படியாகும், ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து தரம் நிற்கிறது என்று ஒப்புக்கொண்டேன். மாமியையும் சுவிட்சையும் பள்ளியில் நாங்கள் நின்ற வரிசையையும் சொன்னேன். பன்னிரண்டாவது வீடு கையை விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. அவர் பூவைக் கீழே வைத்தார். வரவேற்பறைப் பக்கம் எட்டி மூன்று தலைகளையும் பார்த்தார். பிறகு என் பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"மூணு கம்பனிக்காரரும் ஓடுறதப் பத்தித்தான் கதைச்சாங்க. நிப்பாட்டுறதப் பத்திக் கதைச்ச ஆள் நீங்கதான், காக்கா. கொண்டாங்க ஃபோர்ம."

இப்போது முகவர் நிலையத்தில் என் வேலையும் நிரந்தரம், பள்ளி வரிசையில் என் இடமும் நிரந்தரம், வீட்டில் இன்டர்நெட் மட்டும்தான் விட்டு விட்டு வருகிறது.